நாய் தலையில எங்க கடை டப்பா!

இன்னைக்குக் காலையில எங்க தெருவுல...

ஒரு நாய் எங்க கடை விளம்பரத்தைத் தலையில மாட்டிக்கிட்டு ஓடுச்சு!

சிரிக்காதீக. நேத்து சாயங்காலம் நானும் சிரிச்சேன், அப்புறம் அழுதுட்டேன்.

வெவரமாச் சொல்றேன். நான் காரைக்குடியில வீட்டுலயே பலகாரம் சுட்டு விக்கிறவ. எங்க தெரு நாய் ராணி, நேத்து சாயங்காலம் சீப்புச் சீடை வாசத்துக்குக் குப்பையில கெடந்த எங்க கடை பிளாஸ்டிக் டப்பாக்குள்ள தலையை விட்டுருச்சு. போன தலை திரும்ப வரல!

குட்டி போட்ட நாய் வேற. மூச்சு எப்படியோ வாங்குது. ஆனா ஒரு வாய் தண்ணி குடிக்க வழியில்ல. நம்ம ஊர் வெயில்தான் தெரியும்ல?

என் வீட்டுக்காரர் துண்டோட பாய்ஞ்சாரு. (துண்டு கிழிஞ்சுச்சு. வேட்டியைப் பத்தி நான் எதுவும் சொல்றதா இல்ல.) ஆளு கிட்ட போனாலே ராணி மிரண்டு ஓடுது, போஸ்ட் கம்பத்துல முட்டுது. பாக்கவே முடியல.

கடைசியில நகராட்சிக்கு போன் அடிச்சேன். விடிஞ்சதும் நாய் பிடிக்கிற வண்டி வந்துருச்சு. தனம் அக்கா, சகாயம் அண்ணன், ரெண்டே பேரு.

இங்கதான் எங்க தெரு அதோட பாசத்தைக் காட்டுச்சு.

பக்கத்து வீட்டு சீதா மதினி வண்டியைப் பாத்தாக. டப்பாவையெல்லாம் மறந்துட்டாக. கையைத் தட்டி ஒரே சத்தம்.

"ஏய் ராணி, நாய்வண்டி வந்துருச்சு! ஓடிரு! ஓடிரு!"

ராணி ஓடுச்சு. எங்குட்டு? எதுத்த கல்யாண வீட்டுக்குள்ள!

அங்க வள்ளியம்மை ஆச்சி வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். ஊரே உள்ள இருக்கு. எங்க பக்கத்து பெரிய வீடெல்லாம் முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. ராணி அந்தப் பக்கமா வெளிய போனா நேரா பஸ் போற ரோடு.

"அண்ணே, நீங்க சுத்திப்போயி பின்வாசலைச் சாத்துங்க!"ன்னு தனம் அக்கா சொல்லி முடிக்கல, சகாயம் அண்ணன் சந்துல பறந்துட்டாரு.

நாங்க உள்ள ஓடுனா, நடு முற்றத்துல ஆச்சியையும் அவுக வீட்டுக்காரரையும் மணையில உக்கார வச்சு, சொந்தக்காரகெல்லாம் குடம் குடமாத் தண்ணி ஊத்துறாக. அபிஷேகம்!

தண்ணிச் சத்தம் கேட்டதும் ராணி அப்படியே நின்னுருச்சு. முற்றத்துல ஓடுற தண்ணியில டப்பாவை இடிச்சு இடிச்சுப் பாக்குது. நாக்கு எட்டல.



"ஐயோ, சாமி காரியத்துல நாயா! வெரட்டுங்கப்பா!"ன்னு ஒரு பெரியவர் கம்பைத் தூக்கிட்டாரு.

தனம் அக்கா கொரலை ஒசத்தவே இல்ல.

"ஐயா, அசையாம நில்லுங்க. மேளம் மட்டும் நிக்கட்டும். தண்ணி நிக்கக் கூடாது. அந்தச் சத்தத்துக்குத்தான் அது நிக்குது."

எல்லாரும் ஆச்சி மூஞ்சியைப் பாக்குறாக. தலையிலேருந்து கால் வரைக்கும் நனைஞ்சு, பட்டுச்சேலை ஒட்டி, வெடவெடன்னு ஆடிக்கிட்டு இருந்த ஆச்சி சொன்னாக பாருங்க...

"அந்தப் பொண்ணு சொல்றதைக் கேளுங்க. ஊத்துங்க!"

ஊத்துனாக! குடம் காலியாச்சு, கெணத்துல எறைச்சு எறைச்சு ஊத்துனாக! (ஆச்சி வீட்டுக்காரர் பாவம், "இன்னுமா?"ன்னு கேட்டாரு. "வாயை மூடுங்க, தண்ணி உள்ள போயிரும்"னாக ஆச்சி.)

சகாயம் அண்ணன் பின்னாடியிலேருந்து பூனை மாதிரி வந்தாரு. வலை விழுந்துச்சு!

தனம் அக்கா ராணி மேல சாக்கைப் போத்தி மடியோட அணைச்சுக்கிட்டாக. "ஒண்ணுமில்லடா தங்கம், முடிஞ்சுச்சு"ன்னு சொல்லிக்கிட்டே கழுத்தைச் சுத்தி நல்லெண்ணெய் தடவுனாக. அண்ணன் டப்பா விளிம்பைக் கொஞ்சங்கொஞ்சமா வெட்டுனாரு. ஒரு இழு...

டப்பா கையில! ராணி தலை வெளிய!

குடிச்சுச்சு பாருங்க, அபிஷேகத் தண்ணியை! வீடே கை தட்டுது. யாரும் சொல்லாமலே மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டிட்டாரு. என் வீட்டுக்காரர் கண்ணைத் தொடைக்கிறாரு. (தண்ணி தெறிச்சுருச்சாம். நம்பிட்டேன்.)

அப்புறந்தான் ஆச்சி டப்பாவைக் கையில வாங்கி லேபிளைப் படிச்சாக.

"ஏம்மா, இது ஒன் கடை டப்பால்ல?"

"ஆமா ஆச்சி. உங்க கல்யாணத்துக்குக் குடுத்த சீடைதான். குப்பையில போட்டது உங்க வீடு."

ஆச்சி டப்பாவை மெதுவா என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டாக.

(இனிமே எங்க டப்பாவை வெட்டிட்டுத்தான் போடணும், சொல்லிட்டேன்.)

ராணிக்கு வெறிநோய் ஊசி போட்டாச்சு. "குட்டிக பால் மறந்ததும் கருத்தடை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி, ஆறுனதும் இதே தெருவுல கொண்டாந்து விட்ருவோம்"னாக தனம் அக்கா. "அன்னைக்கு நானே தூக்கியாந்து வண்டியில ஏத்துறேன்"னாக சீதா மதினி. மூஞ்சியைப் பாக்கணுமே!

ரெண்டு பேரும் கெளம்பப் பாத்தாக. ஆச்சி விடல. "நாய் தொட்ட கைங்க"ன்னு அக்கா தயங்க, "கெணத்துல தண்ணி மிச்சம் இருக்கு, கழுவிட்டு வாங்க"ன்னு முதல் பந்தியில உக்கார வச்சுட்டாக. பரிமாறுனது யாரு? சீதா மதினி!

தனம் அக்கா, சகாயம் அண்ணே, எங்க தெரு சார்பா கோடி நன்றி!

வண்டி கெளம்புறப்ப மேளக்காரரும் நாதஸ்வரக்காரரும் தெருமுனை வரைக்கும் வாசிச்சுக்கிட்டே போனாக. நாய்வண்டியை நாதஸ்வரத்தோட வழியனுப்புன தெரு வேற எங்கயாச்சும் இருக்கா? இருந்தா சொல்லுங்க, சீடையோட வாரேன்!