பரீட்சைக்கு வராத கதைகள்

எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் என் மகள் முதலில் கேட்பது, "இது வருமாம்மா?" என்றுதான். வருமா என்றால் பரீட்சைக்கு வருமா என்று அர்த்தம். வராது, கதைதானே, சும்மா படி என்று சொன்னால் புத்தகத்தை மூடி வைத்துவிடுவாள். வரும் என்று பொய் சொன்னால் போச்சு, பென்சிலை எடுத்து வந்து கோடு போட ஆரம்பித்துவிடுவாள். குரங்கின் பெயர், குரங்கு ஏறிய மரத்தின் பெயர், மரத்தில் இருந்த பழத்தின் நிறம். எல்லாவற்றையும் உருப்போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாள். "கேளும்மா" என்பாள். நாலாம் வகுப்பு முடித்து ஐந்துக்குப் போகிற குழந்தை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் ஊரைக் கேட்க வேண்டியதில்லை. அரசு வேலைக்கான குரூப் தேர்வை வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறவள் நான். எங்கள் சமையலறைச் சுவரில் ஆறுகளும் அணைகளும் ஒட்டியிருக்கும், குளியலறைக் கதவில் சட்டப் பிரிவுகள். நான் பாத்திரம் துலக்கும்போது அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். ஏ, பி, சி, டி என்று நாலு விடையையும் வாசிப்பாள். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அப்படித்தான். சரியாகச் சொன்னால் கை தட்டுவாள், தப்பாகச் சொன்னால் "உட்டியே" என்று தலையில் அடித்துக்கொள்வாள். மற்ற வீடுகளில் அம்மாவும் பெண்ணும் என்ன விளையாடுவார்களோ தெரியாது, எங்களுக்கு இதுதான் விளையாட்டு. அப்போது எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

முழுப் பரீட்சை முடிந்த கையோடு அவளுடைய வகுப்பு மிஸ் என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார். தமிழ்த் தாளை எடுத்து நீட்டினார். பாடத்துக்கு வெளியிலிருந்து ஒரு பத்தி கொடுத்து, அதைப் படித்துவிட்டுப் பதில் எழுதச் சொல்லியிருந்தார்கள். அணில் ஒன்றைப் பற்றி, ரொம்ப எளிமையான பத்தி. என் மகள் ஒன்றும் எழுதவில்லை. 'இது எங்கள் புத்தகத்தில் இல்லை' என்று மட்டும் கீழே எழுதியிருந்தாள், நல்ல கையெழுத்தில்.

"படிக்கத் தெரியாம இல்லம்மா," என்றார் மிஸ். "புதுசா ஒண்ணு வந்தா பயந்துடறா. லீவுல கதைப் புக்கு எதனா படிக்க விடுங்க. சும்மா, ஜாலியா."

அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஏனென்றால் நானும் சரியாக அந்த இடத்தில்தான் விழுகிறேன். கைடில் இருப்பது வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். இல்லாத மாதிரி ஒன்று வந்தால் கை நின்றுவிடும், கட்டைவிரல் வேர்க்கும். அவளுக்கு நகை நட்டென்று சேர்த்து வைக்க வக்கில்லை எனக்கு, இதையா கொடுத்திருக்கிறேன் என்று பள்ளியிலிருந்து சென்னீர்குப்பம் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். "இந்த ஒரு வாட்டி எழுதிடு. வரலன்னா உட்டுடு, அம்பத்தூர்ல நம்ம கம்பெனிலயே லேடீஸுக்கு வேல கீது." அவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்த மே மாதம் எனக்கு என் பரீட்சைகூடப் பெரிதாகப் படவில்லை. இவள் இப்படியே வளர்ந்து, என் வயதில், தெரிந்தது வருமா வருமா என்று செத்துச் செத்துப் பிழைக்கக் கூடாது. லீவு முடிவதற்குள் ஒரே ஒரு புத்தகம் போதும். அவளாக எடுத்து, அவளாகப் படித்து, அது அவளுக்குப் பிடித்துப் போக வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை நான்.

நான் தினமும் படிக்கப் போகிற கிளை நூலகத்தில் குழந்தைகளுக்குக் கோடை வாசிப்பு முகாம் என்று போர்டு வைத்தார்கள். அந்த ஹாலில் பாதி எங்களுடையது. கதவு திறப்பதற்கு முன்பே வந்து நின்று, ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்து, தண்ணீர் பாட்டிலை வைத்து எல்லை போட்டுவிடுவோம். எல்லாரும் ஏதோ ஒரு பரீட்சை எழுதுகிறவர்கள். நடுவில் வரிசையாகப் புத்தக பீரோக்கள். அதற்கு அந்தப் பக்கம் ஜமக்காளம் விரித்து முகாம் நடக்கும் என்றார் நூலக மேடம். காட்டுப்பாக்கத்து ஃப்ளாட்டுகளில் இருந்து கார் போட்டுக்கொண்டு வந்த ஒரு அப்பா, "சர்டிபிகேட் உண்டா மேடம்?" என்று கேட்டார்.

"சர்டிபிகேட் இல்ல, பரிசு இல்ல, போட்டி இல்ல," என்றார் மேடம். "வருவாங்க, புடிச்சத எடுத்துப் படிப்பாங்க, போவாங்க. யாரும் ஒரு கேள்வி கேக்கக் கூடாது."

அந்த அப்பா குழந்தையைக் கூட்டிக்கொண்டு அபாகஸ் வகுப்புக்குப் போய்விட்டார். நான் அன்றைக்கே சேர்த்துவிட்டேன்.

மற்ற பிள்ளைகள் வந்ததும் ஜமக்காளத்தில் உருளும். கவிழ்ந்து படுத்துப் படிக்கும், ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்துகொண்டு படிக்கும், பாதியில் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கும். என் மகள் மட்டும் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, மேலே இருக்கிற புத்தகம் எதுவோ அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரம் விரலை ஓட்டுவாள். பிறகு மூடிவிட்டு, யாராவது வந்து கேட்பார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரும் கேட்க மாட்டார்கள். பீரோ இடுக்கு வழியாக எனக்கு அது தெரியும். நான் இந்தப் பக்கம் ஐந்தாண்டுத் திட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஒரு வரி மண்டையில் ஏறாது. எழுந்து போய் அவளை உலுக்க வேண்டும் போல இருக்கும். அடியேய், சிரிடி, புரளுடி, அந்தப் பையன் மாதிரி காலையாவது நீட்டுடி.

ஒரு வாரம் கழித்து மேடமிடம் போய் நின்றேன். "பாப்பாவ விடுங்க," என்றார். "வீட்டுக்குப் போனதும் என்ன படிச்சேன்னு கேக்கறீங்களா?"

"கேக்காம எப்படி மேடம்?"

"அதக் கேக்காதீங்க. நீங்களும் ஒரு கதை எடுத்துப் படிங்க, அவ பாக்கட்டும்."

சொல்வது சுலபம். அன்றைக்கு ஒரு சிறுவர் கதையை எடுத்துக்கொண்டு போய், ராத்திரிச் சாப்பாடு முடித்து அவளுக்குப் படித்துக் காட்ட உட்கார்ந்தேன். யானை ஒன்று கிணற்றடிக்கு வருகிறது. இரண்டாவது பக்கத்தில் என் மண்டை தன்னால் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. யானையின் வயது இவ்வளவு, ஊரின் பெயர் இது, கிணற்றை வெட்டியவர் யார், கீழ்க்கண்டவற்றுள் தவறானது எது. கதை எங்கே போகிறது என்றே தெரியவில்லை எனக்கு. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கும் கஷ்டமா கீதாம்மா?" என்றாள். பரிதாபமாகத்தான் கேட்டாள். நான் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு வாயைக் கட்டினேன். நூலகம் விட்டு வரும்போது ஆட்டோவில் வெயிலைப் பற்றிப் பேசுவேன், தர்பூசணி பற்றிப் பேசுவேன், என்ன படித்தாய் என்று மட்டும் கேட்க மாட்டேன். கேள்வி இல்லாமல் எனக்கும் அவளுக்கும் பேச வேறு ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவோம். "எம்மேல கோவமா?" என்று ஒரு நாள் கேட்டாள். இல்லை என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

இதற்கு நடுவில் எங்கள் வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. பிள்ளைகள் சத்தம் தாங்கவில்லையாம். எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்கிற தம்பி, போன முறை ஒரு மார்க்கில் விட்டவன், என்னிடம் குனிந்து சொன்னான். "அக்கா, இன்னாக்கா இது, சந்தக்கடை மாதிரி. பரீட்சை வந்துகினே கீது. மேடமாண்ட நீங்கதான் சொல்லணும், உங்க பாப்பாவும் அங்கதான கீது."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவன் அப்பாவும் கடைசி வாட்டி என்று சொல்லிவிட்டார். நான் போய்ச் சொல்லவில்லை, வேறு யாரோ சொன்னார்கள். மறுநாளில் இருந்து மேடம் பிள்ளைகளைச் சத்தம் குறைத்து மெதுவாகப் படிக்கச் சொன்னார். அவர்கள் மெதுவாகப் படிப்பதும், மறந்துபோய்க் கத்துவதும், எங்கள் பக்கமிருந்து மொத்தமாக 'ஷ்ஷ்' என்று ஒரு சத்தம் போவதும் வழக்கமாகிவிட்டது. யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். கை விடைத்தாள் வட்டத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருக்கும், வாய் அதுபாட்டுக்கு 'ஷ்ஷ்' என்னும்.

முகாம் முடிகிற நாள் வந்தது. நான் நம்பிக்கையை விட்டிருந்தேன். அன்றைக்கு எங்கள் வரிசையில் மாதிரித் தேர்வு. போனில் நேரம் வைத்துக்கொண்டு எல்லாரும் குனிந்திருந்தோம். எனக்கு நிறையக் கேள்விகள் பாக்கி, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பீரோவுக்கு அந்தப் பக்கம் களுக்கென்று ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்து அடங்காமல் மூக்கு வழியாக வந்து, அப்புறம் வாய்விட்டே வந்துவிட்டது. நல்ல பெரிய சிரிப்பு. எங்கள் வரிசை மொத்தமும் 'ஷ்ஷ்' என்றது. நானும் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே.

அடுத்த வட்டத்தைக் கறுப்பாக்கும்போதுதான் அது யாருடைய சிரிப்பு என்று உறைத்தது. பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். நாற்காலி கிறீச்சென்றது, எனக்கும் ஒரு 'ஷ்ஷ்' கிடைத்தது.

பிள்ளைகள் எல்லாம் மேடமைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அவள் தனியாக, சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலை மடக்கிக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி, வரிக்குக் கீழே விரலை வைத்தாள். கண்ணில் மட்டும் இன்னும் சிரித்த தண்ணீர் இருந்தது. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இத்தனை நாளாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்விகளில் ஒன்றே ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"எந்த எடத்துல கண்ணு சிரிப்பு வந்துச்சு? அம்மாவுக்குக் காட்டேன்."

அவள் பீரோ இடுக்கு வழியாக எங்கள் வரிசையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் சிரிக்கலம்மா," என்றாள். "ஒழுங்காத்தான் படிச்சேன்."