ஒரு மூட்டைக்கு ஓர் ஆள்

ரெத்தினத்துக்குப் பயந்த சுபாவம். திருத்துறைப்பூண்டியில் பழைய கார்களுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றுவதும் ஷாக் அப்சார்பருக்கு எண்ணெய் விடுவதும்தான் பிழைப்பு. எந்த வண்டி வந்தாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்பார்: "பின்னாடி எத்தனை பேருங்க உக்காருவாங்க?" அத்தனை நெல் மூட்டையை ஏற்றச் சொல்லி, வண்டி எவ்வளவு இறங்குகிறதென்று விரலால் அளந்து பட்டையைக் கூட்டுவார், குறைப்பார். மூட்டையோடு தானும் ஒரு சுற்றுப் போய்வந்தால்தான் திருப்தி. ஒரு மூட்டைக்கு ஓர் ஆள். அது அவர் கணக்கு.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய மறுவருஷம், கூலித் தகராறில் அறுவடை நின்றிருந்த சமயம். மிராசுதாரின் கிழட்டுக் காரை, அவர் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் கோவிந்தராசு ஓட்டிவந்து, "ஆறு பேர்" என்றார். அந்த வீட்டில் கார் ஏறுகிறவர்கள் இரண்டே பேர். ரெத்தினம் மேலே கேட்கவில்லை. "வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க" என்று மனைவி அகிலாண்டம் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

பட்டைகளைக் கூட்டி, பின் சீட்டைக் கழற்றி, ஆறு மூட்டையை ஏற்றிக்கொண்டு, காரியக்காரர் ஓட்ட, வாய்க்கால் கரையோடு போனார்கள். மதகடியில் சிவப்புக் கொடியோடு கூட்டம். அப்போதுதான் உறைத்தது: வேலைநிறுத்தத்தின் நடுவே மிராசுதார் நெல்லோடு வருகிறோம்.

"லாரிய மறிச்சா கார்ல கடத்துறாங்களாக்கும்!" என்றாள் முன்னால் நின்ற எல்லையம்மாள். கையில் அரிவாள்.

"ஸ்பிரிங் பாக்கத்தான் தாயி!" என்றார் ரெத்தினம்.

"ஏன், ஸ்பிரிங்கு நெல்லு திங்குமா?"

யாரோ சிரித்தார்கள். யாரோ கதவைப் பிடுங்கினார்கள்.

ரெத்தினம் கீழே இறங்கினார். "மூட்டைய எறக்கிட்டு ஆறு பேரு ஏறுங்க. இதே அளவுக்குத்தான் எறங்கும். இல்லன்னா என்னை வெட்டுங்க."

ஏறினார்கள். சக்கரத்துக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார். அதே நாலு விரல். பிழைத்தோம் என்று மூச்சு விட்டார்.

எல்லையம்மாள் வண்டியையே பார்த்தாள். "ஆறு ஆளுக்கா இதத் தயார் பண்ற? யாரு அந்த ஆறு பேரு, அடியாளுங்களா? எங்க தெருவுக்கு எப்ப வர்றாங்க?"

காரியக்காரர் ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கேக்கலம்மா..." என்றார் ரெத்தினம்.

"எத்தனை பேருன்னு கேட்டவன் யாருன்னு கேக்கலியா?"

மூட்டைகளை வைத்துக்கொண்டு காரைத் திருப்பி அனுப்பினார்கள். சுமையில்லாத வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இருவரையும் தூக்கிப் போட்டது.

"ஆளை ஏத்திக் காட்டச் சொன்னது யாருய்யா உன்னை?" என்றார் கோவிந்தராசு, திரும்பிப் பார்க்காமல்.

கடைக்கு வந்ததும் ரெத்தினம் வண்டிக்கடியில் படுத்து, கூட்டிய பட்டைகளைக் கழற்றத் தொடங்கினார்.

"என்னய்யா பண்ற?"

காரியக்காரரின் செருப்பு தலைமாட்டில் வந்து நின்றது. ரெத்தினம் ஸ்பேனரை அடுத்த நட்டில் மாட்டினார்.