ஆணியில் தொங்கிய பரிமாறும் பலகை

எங்கள் எதிர்வீட்டு பர்ஹானாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். தான் செய்த பலகையில் யாராவது எதையாவது வைத்துத் தின்ன வேண்டும். கேட்பதற்குச் சின்ன ஆசை. பேகம்பூரில் அது நிறைவேற நான்கு வருஷம் பிடித்தது. அந்தத் தாமதத்துக்குக் காரணமானவர்களில் நானும் என் மனைவி நாகஜோதியும் உண்டு. பிறகு மறைத்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொட்டைமாடியில் தகரக் கொட்டகைதான் அவளுடைய பட்டறை. போனில் வீடியோ பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்ட வேலை. மரக்கடையில் கழித்துப்போட்ட மா, வாகைத் துண்டுகளை வாங்கி வருவாள். இரண்டு துண்டுகளை நடுவில் சந்து விட்டு ஒரு பெட்டியில் கிடத்தி, அந்தச் சந்தில் ரெசினை ஊற்றுவாள். ரெசின் என்பது இரண்டு பாட்டில் சமாசாரம். ஒன்றில் பிசின்போலக் கொழகொழவென்ற ரெசின், இன்னொன்றில் அதை இறுக வைக்கிற ஹார்டனர். அளவு பிசகாமல் கலந்து, நீலப் பொடி போட்டு, பத்து நிமிஷம் மெதுவாகக் கிண்ட வேண்டும். அவசரப்பட்டால் குமிழி வந்துவிடும். மெதுவாகச் செய்வது பர்ஹானாவின் சுபாவத்திலேயே கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு கிண்டுவாள். அப்போது யார் என்ன கேட்டாலும் "ம்" என்பதுதான் பதில். அவள் வீட்டுக்காரர் சேக் பரீது எதற்காவது சம்மதம் வாங்க வேண்டுமென்றால் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் மாடி ஏறுவார்.

இறுகிய பிறகு உப்புத்தாள். சொரசொரப்பான தாளில் தொடங்கி ஏழு தாள் மாற்றித் தேய்ப்பாள். கடைசியில் எண்ணெயும் தேன்மெழுகும் பூசித் துடைத்தால் மரத்தின் ரேகை பளிச்சென்று எழும்பும். நடுவில் நீலமாக ஓர் ஆறு ஓடும்.

"எந்த ஆறு தங்கச்சி இது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நம்ம குடகனாறுதாண்ணே."

"அதுல இம்புட்டுத் தண்ணிய நான் பாத்ததே இல்லையே."

"அதான் நான் ஊத்தி வச்சிருக்கேன்."

பலகைகள் விற்றன. ஆனால் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது எனக்குத்தான் தெரியும். மின்வாரியத்தில் வீடு வீடாக ரீடிங் எடுக்கிறவன் நான். எத்தனையோ வீட்டுச் சுவர்கள் எனக்குப் பழக்கம். அவளுடைய பலகைகள் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் தொங்கின. டிவிக்கு மேலே தொங்கின. ஒரு வீட்டில் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கன்னிவாடிப் பக்கம் வேலை போட்டிருந்தபோது பார்த்தேன், ஒரு மகராசன் அதில் முள் பொருத்திக் கடிகாரமாக்கியிருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதைப் பர்ஹானாவிடம் சொல்லிவிட்டேன்.

"கெடியாரமாண்ணே?" என்றாள். கையிலிருந்த உப்புத்தாளைக் கசக்கி எறிந்தாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பண்டம் வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது. போன வருஷம் நோன்பின்போது இதை நம்பி, மூன்று வீடுகளுக்குச் சமோசாவும் பேரீச்சம்பழமும் பலகையிலேயே வைத்து அனுப்பினாள். பலகை திரும்பி வந்துதானே ஆக வேண்டும், ஏதாவது வைத்துத்தானே தர வேண்டும் என்பது கணக்கு. மூன்று வீட்டாரும் சொல்லிவைத்தாற்போல் பலகையைப் பரிசென்று எடுத்துக்கொண்டு, எவர்சில்வர் தட்டில் பணியாரம் வைத்துத் திருப்பினோம். ஆமாம், எங்கள் வீடும் அதில் ஒன்று. "இம்புட்டு அழகானதுல எண்ணெ பட்டா நாசமாப் போயிரும்" என்றாள் நாகஜோதி. ஆணி அடித்தது நான்.

ஊரை நம்பிப் பயனில்லை என்று இந்த வருஷம் தன் வீட்டுக்கே ஒரு பெரிய பலகை செய்ய உட்கார்ந்தாள். பெருநாளைக்கு வருகிற விருந்தாளிகள் அதில் எடுத்துத் தின்றே ஆக வேண்டும். நோன்பு தொடங்கிய வாரம் ரெசினை ஊற்றிவிட்டு, தங்கை வீட்டுக்கு வத்தலக்குண்டு கிளம்பினாள். காலையிலிருந்து தூறல், ஊரே குளிர்ந்து கிடந்தது. போகிற போக்கில் புருஷனிடம் சொன்னாள்: "ஏங்க, பெட்டிய மூடியே வைங்க. குளுந்துட்டா இறுகாது, கதகதப்பா இருக்கணும்."

சேக் பரீது பாய் முப்பது வருஷமாகப் பிரியாணி மாஸ்டர். மூடி, கதகதப்பு என்று அவரிடம் சொன்னால் அவர் காதில் வேறென்ன விழும்? பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சிய அடுப்பிலிருந்து ஒரு சட்டி நெருப்பு எடுத்து வந்தார். பெட்டியின் மேல் தகரத் தாம்பாளத்தைக் கவிழ்த்தார். ஓரமெல்லாம் மைதா மாவு பிசைந்து அடைத்தார். தாம்பாளத்தின் மேல் கங்குகளைப் பரப்பிவிட்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"அரை மணி நேரம் தம்முல கெடக்கட்டும் காமராசு. தெறந்தா பதமா இருக்கும் பாரு."

நான் கரண்டுக்காரன், தம்மைப் பற்றி என்ன கண்டேன். தலையை ஆட்டினேன்.

ரெசின் இறுகும்போது தானாகவே சூடாகும் சரக்கு. அதன் தலையில் நெருப்பையும் வைத்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. கால் மணி நேரத்தில் மாவைப் பிளந்துகொண்டு புகை வந்தது. தாம்பாளத்தை எடுத்தபோது குடகனாறு கொதித்து, நுரைத்து, வெடித்துக் கிடந்தது. நீலம் போய்ச் சால்னா நிறம். பாய் செத்த நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடி பிடிச்சிருச்சு."

சாயங்காலம் திரும்பிய பர்ஹானா முதலில் பார்த்தது மாவைத்தான். பிறகு பலகையைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தோம். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்குத் தாங்கவில்லை, வீட்டுக்குள் போய்விட்டேன்.

கருகியதையெல்லாம் உளியால் செதுக்கி எறிந்தாள். பள்ளங்களில் புது ரெசின் ஊற்றினாள். பாயின் மேலிருந்த கோபத்தையெல்லாம் உப்புத்தாளில் காட்டினாள். பலகை வழுவழுவென்று ஆனது, நிறம் மட்டும் அப்படியே நின்றது. மாதக் கடைசிவரை ஓர் ஓரத்தில் ஆறப் போட்டாள். பாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அந்த வருஷம் நோன்போடு மௌனமும் சேர்ந்துகொண்டது.

பெருநாளன்று பிரியாணி தூக்குகளிலும், பலகாரம் தட்டுகளிலும் தெருவெங்கும் போயின. எங்கள் வீட்டு முறை வந்தபோது தட்டு தீர்ந்துவிட்டது. கையில் கிடைத்த அந்தச் சால்னாப் பலகையில் சமோசாவை அடுக்கிக்கொண்டு பாயே வந்தார். நாகஜோதி என் காதில், "என்னங்க இது, கறிக்கடைக் கட்ட மாதிரி இருக்கு" என்றாள். அதைச் சுவரில் மாட்ட ஆணி அடிக்கிற பேச்சே எழவில்லை. நானும் நாகஜோதியும் பிள்ளைகள் இரண்டுமாக அதைச் சுற்றி உட்கார்ந்து சமோசாவைத் தின்று தீர்த்தோம்.

மறுநாள் காலை அதே பலகையில் நாகஜோதி கிளிமூக்கு மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, என்னிடம் கொடுத்து அனுப்பினாள். பாதித் தெரு தாண்டும்போதுதான் கவனித்தேன். மரத்தில் நீளமாக ஒரு கத்திக் கோடு.

பர்ஹானா பலகையை வாங்கினாள். கோட்டின் மேல் விரலை ஓட்டினாள்.

"அக்கா இதுல வச்சா வெட்டுனாங்க?"

"தெரியாமப் பண்ணிட்டா தங்கச்சி, அவள ஒண்ணும்..."

அவள் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். கண்ணில் தண்ணீர். மிளகாய்ப்பொடி என்று நான் நினைக்கவில்லை. "ஏங்க! ஓடியாங்க! இதுல மாங்கா வெட்டிருக்காங்க!" என்று கத்தினாள். ஒரு மாதத்தில் புருஷனிடம் பேசிய முதல் வார்த்தை. பாய் ஓடி வந்து விஷயத்தைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்தினார். "தம் போட்டது யாரு?" என்றார்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. சமையல்கட்டிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்குள் போனாள். கத்தியைப் பார்த்து நாகஜோதி சுவரோடு ஒட்டினாள். பர்ஹானா ஆணியிலிருந்து அழகுப் பலகையைக் கழற்றி, மேஜையில் வைத்து, மரத்தின் மேல் சரேலென்று ஒரு கோடு கிழித்தாள்.

"ஐயையோ!" என்றாள் நாகஜோதி.

"இப்பப் பழசாயிருச்சுக்கா. இனிப் புழங்குங்க" என்று சொல்லிவிட்டு, அதே கத்தியோடு மற்ற இரண்டு வீடுகளுக்கும் கிளம்பினாள்.

இன்று எங்கள் வீட்டில் அதில்தான் வெங்காயம் நறுக்குகிறோம். ஆணி வீணாகக் கிடக்க வேண்டாமென்று அதில் என் ரீடிங் பையை மாட்டியிருக்கிறேன்.