ஜாமீனுக்கு ஆள்

சிறைகளில் கூட்டம் ஏன் பெருகிக்கொண்டே போகிறது என்று ஒரு ஆராய்ச்சி. அதில் என் வேலை, உள்ளே இருப்பவர்களின் வீடுகளைத் தேடிப்போய்ப் பேசுவது. பெரம்பலூரில் என் வாடகை வீட்டிலிருந்து கிளம்பி, அரியலூரில் பஸ் மாறி, ஏதாவது ஒரு ஊரில் இறங்கி விசாரித்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். நான் போலீஸ் இல்லை என்று நம்பவைப்பதற்குள் மதியம் ஆகிவிடும். அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதைதான். கோர்ட்டு ஜாமீன் கொடுத்திருக்கும், ஜாமீன் போட ஆள் இருக்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இதைச் சொல்ல ஆராய்ச்சி எதற்கு என்று எனக்கே அலுத்துப்போயிருந்தது.

உடையார்பாளையம் பக்கத்தில் ஒரு அம்மா. கூலி வேலை, கணவர் இல்லை, ஒரே மகன். திருவிழா அடிதடியில் அவனும் ஒருவன் என்று பிடித்துப்போய்த் திருச்சியில் வைத்திருந்தார்கள். ஜாமீன் கிடைத்து மாதக்கணக்கில் ஆகிறது. சொத்துள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் வந்துவிடலாம். சொந்தக்காரர்களிடம் வீடுகள் இருந்தன, பட்டா எல்லாம் செத்துப்போன பாட்டன் பேரில். பேர் மாற்றப் போனால் பங்கு பிரிக்கவேண்டி வரும், அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும் என்று அப்படியே விட்டிருந்தார்கள். செத்தவர் ஜாமீன் போட முடியாது. வாடகைக்குக் குடியிருக்கும் என் கையெழுத்தும் செல்லாது.

அந்த ஊரில் பலருக்கும் ஜாமீன் போட்டவர் ஒரு முந்திரித் தோப்புக்காரர். நல்ல மனுஷன், யாரிடமும் பைசா வாங்கமாட்டார். ஆனால் அவர் கையெழுத்தில் வெளியே வந்தவர்கள் முந்திரி சீசனில் வேறு எங்கும் வேலைக்குப் போவதில்லை. யாரும் அப்படிச் சொல்லிவைத்ததில்லை, அது அப்படித்தான். அந்த அம்மா கடைசியில் அவர் வாசலில் போய் நின்றார். அவர் தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு விஏஓ ஆபீசுக்கு அலைந்து சான்று வாங்கி வைத்தார்.

அதை மகனிடம் சொல்லத் திருச்சிக்குப் போனோம். சிறைக்குப் போய்ப் பார்ப்பதை எங்கள் பக்கம் மனு பார்க்கிறது என்பார்கள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்த அம்மா தொண்டை கிழியக் கத்தினார், கையெழுத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை வந்துவிடலாம் என்று. யார் என்று கேட்டான். சொன்னார். அவன் வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"வேணாம்மா. அப்பாவும் அவங்க வூட்டுக் கையெழுத்துலதான வந்தாரு. சாவுற வரைக்கும் அந்தத் தோப்ப வுட்டு வந்தாரா? இங்கன்னா என்னைக்காவது வுட்டுருவாங்க."

அவ்வளவுதான், நேரம் முடிந்துவிட்டது. அப்பா சிறைக்குப் போன விஷயத்தை அந்த அம்மா என்னிடம் சொன்னதே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மகனைத் திட்டிக்கொண்டே வந்தார். புத்தி கெட்டவன், ரோஷத்தைப் பார், அப்பனைப் போலவே என்றார். அரியலூர் வரும்போது திட்டுவதை நிறுத்திவிட்டார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. தோப்புக்காரர் மேல் குற்றம் சொல்ல வாயெடுத்தால், அவரை விட்டால் வேறு யார் வந்தார்கள் என்று மனசே கேட்கிறது.

ஆராய்ச்சியின் மிச்ச வேலைக்காகப் பங்குனியில் மறுபடி அந்தப் பக்கம் போனேன். மகன் உள்ளேதான் இருந்தான், வழக்கு இன்னும் எடுக்கவில்லை. வீடு பூட்டியிருந்தது. தோப்பில் இருப்பார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அந்த அம்மா மற்றவர்களோடு குனிந்து முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்தைத்தான் போடவே இல்லையே, பிறகு ஏன் இங்கே என்று கேட்டேன். அவர் நிமிரக்கூட இல்லை.

"வாசல்ல போயி நின்னு கேட்டுட்டம்ல சார்" என்றார்.