லாசரஸ் வாங்கிய குட்டி லோடர்

செம்பாக்கத்தில் ரோட்டை ஒட்டி மணல், ஜல்லி டிப்போ வைத்திருந்த லாசரஸ் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். "அரை யூனிட்டா, ஒரு யூனிட்டா?" "வண்டிய ரிவர்ஸ்ல விடு." "நாளைக்குக் காலைல அனுப்பறேன்." மனைவி ரத்தினபாய் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. தானே பொங்கி, தானே சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டு முடிவதற்குள் எழுந்து போய்விடுவார். நின்றால் யாராவது "தொர எப்ப வரான்?" என்று கேட்பார்கள்.

துரை அவருடைய ஒரே மகன். மஸ்கட்டில் ஒரு கட்டட கம்பெனியில் லோடர் ஓட்டப் போய் அப்போது ஐந்து வருஷம். நடுவில் ஒருமுறை வந்து, பல்லாவரத்துப் பெண் அருள்மேரியைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பிப் போனான். அருள்மேரி குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தாள். மாமனார் தனியாக இருக்கும் வீட்டில் தான் மட்டும் எப்படி இருப்பது என்று அவள் தயங்கியது லாசரஸுக்கும் நியாயமாகவே பட்டது.

தொண்ணூற்றாறில் துரை ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ஆட்டோவைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மிஷின், முன்னால் ஒரு பெரிய பக்கெட், உள்ளே கம்பிக் கூண்டுக்குள் துரை. போட்டோவின் பின்னால் எழுதியிருந்தான்: "இந்த மாதிரி ஒண்ணு நம்ம டிப்போவில் இருந்தால் நான் ஏன் இங்கே வந்து கிடக்கிறேன்."

வெயிலில் வேலை பார்க்கிற எவனும் எழுதுகிற வரிதான். லாசரஸ் அதை வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் குட்டி லோடரைத் தேட ஆரம்பித்தார்.

தேடுவதற்கு வெளியே சொல்ல வேறு காரணமும் இருந்தது. ஒரு காலத்தில் டிப்போவில் எட்டுப் பேர் இரும்புச் சட்டியில் பாண்டு பாண்டாக அள்ளி வண்டியில் கொட்டினார்கள். ஒவ்வொருவராக சானடோரியம் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது செல்லம்மாவும் அவள் புருஷனும். காலையில் வந்த வண்டி மதியம் வரை நின்று, சலித்துப்போய் வேறு டிப்போவுக்குப் போனது.

"மிஷினு வந்தா எங்கள இன்னா பண்ணுவ?" என்று செல்லம்மா கேட்டாள்.

"நீ பின்னாடி நின்னு வண்டிக்காரன்கிட்ட கணக்கு சொல்லு. என்னால கத்த முடியாது."

"இப்ப மட்டும் பேசிக் கிழிக்கிறியாக்கும்."

தொண்ணூற்றெட்டு அக்டோபரில் பீர்க்கன்கரணையிலிருந்து தகவல் வந்தது. பழைய மிஷின் வாங்கி விற்கும் அமீருதீன் யார்டில் அப்படி ஒன்று நிற்கிறதாம். மறைமலை நகர்ப் பக்கம் தொழிற்சாலை கட்ட வந்த ஒரு வெளிநாட்டு கம்பெனி விட்டுப்போனது. நடுவில் யாரிடமோ ஒரு வருஷம் இருந்து வந்திருக்கிறது. லாசரஸ் மகனுக்கு எழுதினார். நாலு பக்கத்துக்குப் பதில் வந்தது. துரை அத்தனை நீளம் எழுதியதே இல்லை. படம் போட்டு, நம்பர் போட்டு, பழைய லோடரை எப்படிச் சோதிப்பது என்று சொல்லியிருந்தான். வர உத்தேசம் இல்லாதவன் எதற்கு நாலு பக்கம் எழுதுகிறான் என்று லாசரஸ் நினைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு மொபெட்டில் பீர்க்கன்கரணைக்குப் போனார். அமீருதீன் முன்னமே இன்ஜினை ஓட விட்டு நிறுத்தி வைத்திருந்தான். லாசரஸ் மூடியைத் திறந்து கையை வைத்தார்.

"சூடா கீது, பாய்."

"வெயில் அண்ணா."

"ஏழு நாளா மழ பெய்யுது."

அமீருதீன் சிரித்துவிட்டான். "சரி, காலைல ஸ்டார்ட் ஆவ கொஞ்சம் அழும். கொழந்தன்னா அழத்தான செய்யும்?"

கடிதத்தில் இரண்டாவது நம்பர், கால் வைக்கும் இடத்துத் தகட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னது. தூக்கினார். கீழே மூலைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. துரை அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. லாசரஸ் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

பதினாலு வயதிலிருந்து எட்டு வருஷம் அவர் பல்லாவரத்தில் தோல் ஷெட்டில் உப்பு உதறியவர். லாரியில் வந்து இறங்கும் பச்சைத் தோலிலிருந்து உப்பைத் தட்டிக் குவிக்கிற வேலை. உதடு வெடிக்கும், கை வெடிக்கும். அதை விட்டு லாரி கிளீனராகி, டிரைவராகி, கடைசியில் இந்த டிப்போவுக்கு வந்தார். ஷெட்டிலிருந்து அவர் எடுத்துவந்தது நாக்கு ஒன்றைத்தான். புது உப்பு, தோலில் கிடந்த உப்பு, தரையில் கிடந்து மண்ணோடு சேர்ந்த உப்பு எல்லாம் அதற்குத் தெரியும்.

"இது உப்பு குடோன்ல ஓடிச்சு," என்றார்.

அமீருதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "வர்றவன்லாம் சாவியக் குடுன்னு கேப்பான். நீ இன்னாண்ணா, தின்னு பாக்குற?"

"ஓடிச்சா, இல்லியா?"

"ஓடிச்சு. ஒரு வருசம். அடித்தகடு நாலு இடத்துல அரிச்சிருக்கு. நானே வெல்டிங் வெச்சிக் குடுக்கறேன். வேற எதும் மறைக்கல, அல்லா மேல ஆண."

அடுத்தது பக்கெட். நிறைய ஜல்லியை அள்ளித் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால் வாங்காதே என்று எழுதியிருந்தான். அமீருதீனின் மெக்கானிக் பக்கெட்டைத் தூக்கினான். லாசரஸ் அதன் விளிம்பிலிருந்து ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். நட்டுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லை நிறுத்தி, நட்டு நிற்கும் உயரத்தை அதில் கரியால் கோடு போட்டார்.

"இப்பிடியே நிக்கட்டும். பையன் போன் பண்ற நேரம். போய்ட்டு வந்துடறேன்."

"நான் ஜும்மாவுக்குப் போவணும். பூட்டிகினு போறேன், ரெண்டு மணிக்கு வா. ஒருத்தனும் தொட மாட்டான்."

துரை வெள்ளிக்கிழமை தோறும் பதினொன்றரைக்கு டிப்போ எதிரில் உள்ள சரசுவின் டெலிபோன் பூத்துக்குக் கூப்பிடுவான். லாசரஸ் வழக்கம்போல் கால் மணி நேரம் முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மணி அடித்ததும் சரசு ரிசீவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நீட்டினாள்.

அவர் ஒரே மூச்சில் சொன்னார். இன்ஜின் சூடு, உப்பு, நூல், நட்டு. அவ்வளவு பேச்சு தன்னிடம் இருப்பது அவருக்கே புதிதாக இருந்தது. துரையும் உற்சாகமாகக் கேட்டான்.

"சக்கரத்து சைடு செயின் பாத்தியாப்பா?"

"பாத்தேன். இழுத்தா தளரல."

"உப்பு பரவால்ல. தகடு மாத்திக்கலாம். பக்கெட் நின்னுச்சுன்னா கண்ண மூடிட்டு வாங்கு."

"கிறிஸ்மஸுக்குள்ள வெல்டிங் முடிச்சி பெயின்ட் அடிச்சி வெச்சிடறேன். நீ எப்ப கெளம்புவ?"

எதிர்முனையில் யாரோ இருமுவது கேட்டது. துரைதானா, அவன் பக்கத்தில் நிற்கிறவனா என்று தெரியவில்லை.

"அப்பா, அருள்மேரி ஒண்ணும் சொல்லலியா?"

"என்ன?"

"என்ன போர்மேன் ஆக்கிட்டாங்கப்பா. நான் இப்ப மிஷின் ஓட்டுறதில்ல. குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்க, பேமிலி விசாவும் வந்துடுச்சி. அவளும் கொழந்தயும் அடுத்த மாசம் கெளம்புறாங்க. ஞாயித்துக்கிழம உன் கோயிலுக்கே வந்து பாத்து சொல்றேன்னா."

லாசரஸ் கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துக்கொண்டார்.

"சொல்ல வந்திருப்பா," என்றார். "நான்தான் நிக்கல."

"நீ மிஷின வாங்குப்பா. நல்ல சான்ஸு. ஒரு ஆபரேட்டர வெச்சிக்க."

"சரி."

"கோவமா?"

"எதுக்குக் கோவம்? போர்மேன்னா நல்லதுதான."

வெளியே வந்தபோது சரசு, "பையன் வரானாண்ணா?" என்று கேட்டாள். "பிரமோஷன்," என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

டிப்போவுக்குப் போகத் தோன்றவில்லை. வீட்டுக்கும் தோன்றவில்லை. பீர்க்கன்கரணைக்கே திரும்பிப் போனபோது யார்டு பூட்டியிருந்தது. தகரக் கேட்டின் இடுக்கில் பார்த்தார். ஆளில்லாத யார்டில், மழைத் தண்ணீர் தேங்கிய தரையில், ஜல்லி நிறைந்த பக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிஷின் நின்றது. கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த லாரி டயரின் மேல் உட்கார்ந்தார். தூறியது, ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. எழுந்து போய் இடுக்கில் பார்ப்பார், திரும்ப வந்து உட்கார்வார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். உப்பு ஒன்று போதும் காரணத்துக்கு, அமீருதீனும் ஒன்றும் சொல்ல மாட்டான். ஆனால் அப்புறம்? தேடுவதற்கு ஒரு பொருள் இருந்ததால்தான் இரண்டு வருஷம் நாலு இடம் போனார், நாலு பேரிடம் பேசினார். இதை விட்டுவிட்டால் மறுபடியும் அரை யூனிட்டா, ஒரு யூனிட்டாதான். அதைக் கேட்கிற வண்டிகளும் குறைந்துகொண்டு வந்தன.

இரண்டரைக்கு அமீருதீன் தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வந்தான். "இங்கியே குந்திகினு கீறியே, அண்ணா. சாப்ட்டியா?"

"கேட்டத் தொற."

நட்டு கரிக்கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. ஒரே விரல், அதுவும் மூன்று மணி நேரத்துக்கு மேல். அமீருதீன் மிஷினைத் தட்டிக்கொடுத்தான். "பாத்தியா? உன் பையனாண்ட சொல்லு. எப்ப வரான் ஓட்ட?"

லாசரஸ் செங்கல்லை ஓரமாக நகர்த்திவிட்டு, "பக்கெட்ட எறக்கச் சொல்லு. நான் ஒருதரம் ஏறிப் பாக்கறேன்," என்றார்.

அந்த வண்டிக்குப் பக்கவாட்டில் கதவு கிடையாது. பக்கெட்டின் மேல் கால் வைத்து, முன்பக்கமாக நுழைந்து, திரும்பி உட்கார வேண்டும். ஐம்பத்தாறு வயது முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். பாதுகாப்புக் கம்பியை இறக்கியதும் அது மடியில் வந்து அழுத்தியது. இருக்கை ஒரு ஆளுக்கு மட்டும்தான். இன்னொருவர் தொற்றிக்கொள்ளக்கூட இடமில்லை. ஸ்டீயரிங் இல்லை, இடது பக்கச் சக்கரங்களுக்கு ஒரு தடி, வலது பக்கத்துக்கு ஒரு தடி. ஸ்டார்ட் செய்ததும், லாரி ஓட்டிய கை ஸ்டீயரிங்கைத் தேடி இரண்டு தடிகளையும் எதிரெதிராக இழுத்துவிட்டது. மிஷின் நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றியது. அமீருதீன் டிரம் பின்னால் ஓடிப் போய் ஏதோ கத்தினான். இன்ஜின் சத்தத்தில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

அணைத்தபின் அமீருதீன் மெதுவாக வந்தான். "இன்னா சொல்ற?"

"வெல்டிங் வெச்சிக் குடு."

வாங்குகிறவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அமீருதீன் யார்டில் எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டி வெளியே போகாது. அடுத்த வாரம் நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்தான். லாசரஸ் சிலுவை போட்டுக்கொண்டு, ஏற்றிப்போக வந்த லாரியை நோக்கி மிஷினை ஓட்டிப் பழங்களை நசுக்கினார்.

டிப்போவில் முதல் வாரமே ஒரு தப்பு நடந்தது. அந்த மிஷின் திரும்பும்போது சக்கரம் உருளாமல் தரையைச் சுரண்டித்தான் திரும்பும். செம்மண் தரை பெயர்ந்து மணலோடு கலந்தது. பூச்சு வேலைக்கு வாங்கியவர் இரண்டு வண்டி மணலைத் திருப்பி அனுப்பினார். லாசரஸ் டிப்போவில் பாதித் தரைக்குக் காங்கிரீட் போட்டார். செல்லம்மா பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டி வண்டிக்கு வழி காட்டினாள். அவள் திட்டினாலும் அவருக்குக் கேட்காது. சாயங்காலம் மிஷினை விட்டு இறங்கிய பிறகும் வெகுநேரம் காதுக்குள் இரைச்சல் இருக்கும். அது இருக்கிற வரைக்கும் வீடு அவ்வளவு அமைதியாகத் தெரியாது.

அருள்மேரியும் குழந்தையும் கிளம்பிய நாளில் மீனம்பாக்கம் போய் வழியனுப்பினார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு மணி அடித்தது.

"கொழந்தைக்கு இங்க சளி பிடிச்சிக்கிச்சிப்பா, ஏ.சி. ஒத்துக்கல," என்றான் துரை. கொஞ்சம் குழந்தையைப் பற்றிப் பேசிவிட்டு, "மிஷின் எப்படி ஓடுது? ஆபரேட்டர் கெடச்சானா?" என்று கேட்டான்.

கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே, எதிர்ச்சாரியில், பக்கெட்டைத் தரையில் வைத்தபடி லோடர் நின்றது.

"கெடச்சான்," என்றார் லாசரஸ். "கொஞ்சம் வயசான ஆளு."

"ஓட்டுறானா?"

"மொதல்ல தரையப் பேத்துட்டான். இப்ப பரவால்ல."

"குடிப்பானா?"

"அதெல்லாம் இல்ல. நேரத்துக்கு வந்துடறான். ஜாஸ்தி பேச மாட்டான்."

"அப்ப விட்ராதப்பா. இந்த மிஷினுக்கு ஆளு கெடைக்கிறது கஷ்டம்."

"அவன் எங்க போவப் போறான்," என்றார் லாசரஸ்.