வாசுதேவன் கேட்ட கதை

ப்ரீதா பிறந்து வளர்ந்தது தலைநகரில், சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில். தமிழ் பேசுவாள், படிக்கத் தடுமாறுவாள். கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறாள். எட்டாம் ஹென்றி காலத்து இங்கிலாந்தில் வாழ்ந்த சர் எட்மண்ட் ஹார்வெல் என்ற பிரபுவின் குடும்பத்தைப் பற்றியதுதான் அவளுடைய ஆய்வு. அப்பா வாசுதேவனுக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஐ.ஏ.எஸ். எழுதச் சொன்னால் எவனோ ஒரு வெள்ளைக்காரனின் வம்சத்தைக் கிளறிக்கொண்டிருக்கிறாள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

அவள் தீனாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது அது பகையாகவே ஆனது. தீனா ஒரு செய்தி சேனலில் எடிட்டர். அவனுடைய அம்மா முத்துமாரி, வாசுதேவன் வீட்டில் பல வருஷம் பாத்திரம் தேய்த்தவள். வாசுதேவன் மகளைத் தலைமுழுகினார். தாங்கள் குடியிருந்த துவாரகா ஃப்ளாட்டை மகன் நரேன் பெயருக்கு எழுதிவைத்தார்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு அம்மா காந்திமதி கெஞ்சி அழைத்ததால் ப்ரீதா தனியாகப் போனாள். பெரிய படுக்கையறை நரேனுக்கு. அப்பாவும் அம்மாவும் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் இருந்தார்கள். சாப்பாட்டின் நடுவே, உறவுக்காரர்கள் முன்னால் வாசுதேவன் மகளைச் சீண்டினார்.

"உன் வெள்ளைக்காரச் சீமான் அப்படி என்னதாம்மா சாதிச்சான்? எல்லாருக்கும் சொல்லு, கேப்போம்."

ப்ரீதா சொன்னாள். பிரான்ஸ் போரில் காட்டிய தீரத்துக்காக எட்மண்டுக்கு ராஜா 'சர்' பட்டம் கொடுத்தார். கிறிஸ்தவ மடங்களை ராஜா கலைத்தபோது ஒரு மடத்தின் நிலமும் அவருக்குக் கிடைத்தது. மகள் மார்ஜரி லாயத்தில் குதிரை பார்த்தவனை மணந்ததும் அவளுக்கு வாசற்கதவை அடைத்தார். சொத்து முழுவதும் மகனுக்குப் போனது. அந்த மகன் கடைசியில் அவரை வேலைக்காரர்கள் தூங்கும் அறைக்குத் தள்ளினான். அங்கேதான் செத்தார்.

நரேன் தட்டை நகர்த்தி வைத்தான்.

"யாரைச் சொல்லுத நீ?" என்றார் வாசுதேவன்.

"நீங்க கேட்டவரைத்தான்."

"வெளிய போ. அந்த வேலைக்காரி வீட்டுலயே கிட."

ப்ரீதா கை கழுவிவிட்டு லிஃப்டுக்கு வந்தாள். கதவு மூடப்போகும்போது காந்திமதி கைப்பையுடன் உள்ளே நுழைந்தாள்.

"நானும் வாரேன்" என்றாள். பின்னால் யாரும் வரவில்லை.

காந்திமதி திரும்பிப் போகவே இல்லை. வாசுதேவனும் ஒரு போன் செய்யவில்லை. ப்ரீதாவின் வாடகை வீட்டில் முத்துமாரியும் இருக்கிறாள். முதல் நாள் காலை அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். சரோஜினி நகரில் அவளுக்கென்று தனி டம்ளர் ஒதுக்கி, பால்கனியில் கவிழ்த்து வைக்கச் சொன்னவள் காந்திமதிதான்.

"சம்பந்தி, இங்க எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான்" என்றாள் முத்துமாரி. சிரிக்கவில்லை.

காந்திமதி அன்றைக்குக் காப்பியைத் தொடவில்லை. மறுநாள் குடித்தாள். இருவரும் இன்னமும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை.