மாலை காட்டிக்கொடுத்த தீ

பந்தயத்துக்காக என் காரை எத்தனாலுக்கு மாற்றினேன். பெட்ரோலைவிட அது இன்ஜினுக்குள் அதிகம் பாய வேண்டும் என்பதால், வேகமாகத் தள்ளும் பம்பைத் தேடிப் பிடித்து முன்பக்கம் பொருத்தினேன். அதன் ரப்பர் எத்தனாலைத் தாங்குமா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு வாரம் நன்றாக ஓடியது. ஆயுதபூஜையன்று மந்தைவெளிப் பட்டறையில், உச்சிவெயிலில், வண்டியின் முன்பக்கம் மாலை போட்டு இன்ஜினை ஓடவிட்டேன். பானெட்டைத் திறக்கக் குனிந்தபோது மெக்கானிக் பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னா சார், பூ கருகிக்கினு கீது, தெரியலியா?"

புகையில்லை, தீயும் தெரியவில்லை. மாலை மட்டும் சுருண்டு கருகியது. மணலைக் கொட்டி அணைத்தோம். பம்பின் ரப்பர் ஊறி உப்பி, எத்தனால் கசிந்திருந்தது. எத்தனால் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாதாம்.

இப்போது எந்தப் பம்பானாலும் அதன் ரப்பரை ஒரு வாரம் எத்தனாலில் ஊறப்போட்டுப் பார்த்த பிறகே மாட்டுகிறேன். அப்படியும் பயம் போகவில்லை. மாலை போடாமல் இன்ஜினைத் தொடுவதில்லை. பக்தி என்று நினைக்கிறாள் மனைவி.